கணவாய் தொடாத இரைகள்

நான் வேலை பார்த்த தூண்டில் கடையை இப்போது நடத்துகிறவர் முதலாளியம்மாவின் மருமகன். போன வாரம் வீட்டுக்கு வந்து, கணவாய் மீன் பிடிக்கப் பொய் இரை தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். இப்போது ஆட்கள் கடைக்கு வருவது குறைவு. போனில் படம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

"எது நல்லதுன்னு கேட்டு மெசேஜ் வந்துகிட்டே இருக்கு அண்ணாச்சி. நீங்க எழுதித் தந்தா அப்படியே எல்லாருக்கும் தட்டி விட்டுருவேன்" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இந்த வருடம் என் வீட்டில் நடந்ததை ஒதுக்கிவிட்டு எனக்கு இரையைப் பற்றி எழுத வரவில்லை. அதனால் இது அவர் கேட்டதைவிட நீளம். வேண்டிய இடத்தை வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

பி.காம். முடித்து, வளைகுடா விசா வரும்வரை என்று சொல்லிக்கொண்டு அங்கே கணக்கு எழுதச் சேர்ந்தேன். விசா வந்தபோது போக மனமில்லை. அந்தக் கடையின் வலது பக்கச் சுவர்தான் காரணம். தரையிலிருந்து கூரைவரை பொய் இரைகள் தொங்கும். ஒவ்வொன்றும் விரல் நீளத்தில் ஒரு இறால் போல இருக்கும். உடம்பைச் சுற்றி மெல்லிய துணி ஒட்டியிருக்கும், துணிக்கு அடியில் மின்னும் தாள். தாடையில் ஒரு ஈயத் துண்டு. வால் பக்கத்தில் மேல்நோக்கி வளைந்த ஊசிகள் கிரீடம் மாதிரி. இவ்வளவுதான். இதை வைத்து, கடலில் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கிற ஒரு பிராணியை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அறிய ஆசைப்பட்டு ஒரு வருடம் இருந்தேன். பிறகு முழங்கால் தேய்ந்து, நிற்க முடியாமல் போகும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

முதலாளியை எல்லோரும் பிலோமினா அக்கா என்போம். கணவர் இறந்த பிறகு கடையை ஏற்று நடத்தியவர். குரலை உயர்த்த மாட்டார். வாடிக்கையாளர் வந்து "நல்லதா ஒண்ணு தாங்க" என்றால் சுவர்ப் பக்கம் திரும்பவே மாட்டார். முதலில் கேள்விகள்தான்.

"வெள்ளம் எப்படி?" தண்ணீரை இங்கே வெள்ளம் என்றுதான் சொல்வோம். தெளிவா, கலங்கலா, ஆற்றுத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று அதற்குப் பொருள். அடுத்து, "வானம் எப்படி?" அதன் பிறகு, "எந்தப் பாரிலே?" பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு. கணவாய் அதை ஒட்டித்தான் திரியும். எந்தப் பார் என்று தெரிந்தால் ஆழம் தெரியும், நீரோட்டம் தெரியும். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகே கை நீட்டி ஒன்றை எடுப்பார். எடுத்ததைக் கொடுக்கும்போதும் நல்லது என்று சொல்ல மாட்டார். "கொண்டு போய்ப் பாரு. வந்து சொல்லு" என்பார். வந்து சொல்லாதவருக்கு அடுத்த இரை கிடையாது. எத்தனை ரூபாயை நீட்டினாலும் கிடையாது.

ஒருமுறை, வள்ளம் என்கிற சிறு படகு வைத்திருந்த சேவியர் ரோஸ் நிறந்தான் வேண்டும் என்று நின்றார்.

"எதுக்கு ரோஸ்?"

"பக்கத்து வள்ளத்துக்காரனுக்கு ரோஸிலே நல்லா கிட்டுச்சு அக்கா."

"அவன் எப்ப போட்டான்? வெயிலிலேயா, மூட்டத்திலேயா?"

"அது தெரியாது."

"அவன் பெண்டாட்டி ரோஸ் சேலை உடுத்தா நீயும் ரோஸ் எடுத்துக் கொடுப்பியா, மக்கா? போய்க் கேட்டுட்டு வா."

சேவியர் உண்மையிலேயே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

கணவாய்க்கு நிறமே தெரியாது என்று அக்கா எங்கோ படித்தார். அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. நிறம் தெரியாத பிராணிக்கு நாம் ஏன் இத்தனை நிறத்தில் இரை விற்கிறோம்? மறுநாள் ஒரு பை நிறைய இரைகளை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கருங்கலுக்குப் போனார். சந்தைப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கண்ணாடிமேல் இரைகளை வரிசையாக அடுக்கினார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கணவாய்க்கும் ரேஷன் கார்டு வந்தாச்சா அக்கா?"

"வந்தாச்சு. இருபக்கமும் காப்பி எடு" என்றார் அக்கா.

தாள் கறுப்பு வெள்ளையாக வந்தது. கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆரஞ்சும் பச்சையும் தாளில் ஒரே சாம்பலாக இருந்தன. ஒன்றுபோல் தெரிந்த இரண்டு நீலங்களில் ஒன்று வெளிறியும் ஒன்று கரியாகவும் இருந்தன. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வந்ததும் சுவரைக் கலைத்தோம். நிறப்படி தொங்கிய இரைகள், வெளிறியதிலிருந்து கருத்தது வரைக்கும் என்று மாறின. தெளிந்த தண்ணீரும் வெயிலும் என்றால் வெள்ளித் தாள் சுற்றிய வெளிறிய இரை, மூட்டம் என்றால் தங்கத் தாள், கலங்கல் என்றால் உருவம் நிழல்போலத் தெரிகிற கருத்த இரை. இன்றும் நான் சொல்லக்கூடியது அதுதான். படம் பார்த்து வாங்குகிறவர்கள் போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் பாதி குழப்பம் தீரும்.

மீதிப் பாதி, விழுவதில் இருக்கிறது. இரையைச் சுண்டி மேலே இழுக்கும்போது கணவாய் பார்க்கும், பின்னால் வரும். பிடிக்காது. கயிற்றைத் தளர்த்தி இரை கீழே இறங்கும்போதுதான், முன்னால் இருக்கும் இரண்டு நீளக் கைகளையும் வீசிப் பிடிக்கும். ஆகவே தலை சற்றுத் தாழ்ந்து, வால் சற்று உயர்ந்து, அடிபட்ட இறால் அமர்வதுபோல நிதானமாக விழுகிற இரைதான் நல்ல இரை. வேகமாக விழுந்தால் அது கல். விழாமல் நின்றால் குப்பை. நீரோட்டம் கூடினால் ஈயம் கூடிய இரை வேண்டும். இதைக் கடலில் எண்ணித்தான் பழக வேண்டும். இரை அடியைத் தொடும்வரை மனதுக்குள் எண்ணி, அடுத்த முறை அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

அக்கா எனக்குக் கொடுத்த வேலை, பயன்படுத்திய இரைகளைப் பார்ப்பது. கடலிலிருந்து வந்தவர்கள் இரையைக் கழுவாமல் கொண்டுவர வேண்டும் என்பது கடைச் சட்டம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். கழுத்துத் துணி பிய்ந்திருந்தால் கணவாய் கடித்திருக்கிறது. ஊசியில் மை ஒட்டியிருந்தால் பிடித்து நழுவியிருக்கிறது. தாடை ஈயத்தில் கீறல் இருந்தால் இரை அடியைத் தொட்டிருக்கிறது. கடலுக்குப் போகாமலே கடலில் நடந்ததைப் படிக்க எனக்கு வாய்த்த வழி அது. அலை எனக்குப் பயம். அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

அப்படிப்பட்டவனின் மகன் கடலுக்குப் போகிறான். ஆஜின் டிப்ளமா முடித்து ஷார்ஜாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, ஏசி மெஷின் சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று திரும்பி வந்தான். கூட்டாளி சுனிலோடு சேர்ந்து ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கினான். ஆவணியில் ஒரு காலை, கரை திரும்பும்போது துறைமுக வாயில் இரண்டு அலை அடுத்தடுத்து எழுந்து வள்ளத்தைப் புரட்டிப் போட்டது. செய்தி வந்தபோது நான் டீக்கடையில் இருந்தேன். ஓடினேன். ஒரு செருப்பு எங்கே போனது என்று தெரியாது. அவன் பாறைமேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வலை மொத்தம் போச்சு அப்பா" என்றான். சுனிலுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை என்று நான் இன்றைக்கும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். போன் அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா அழவில்லை. ஷார்ஜாவில் இருக்கும் தன் தம்பியைக் கூப்பிட்டு ஒரு வேலை பார்க்கச் சொன்னாள். வேலை கிடைத்தது. ஆஜின் ஒரே ஒரு தவணை கேட்டான். சுனில் கை சேர்ந்ததும், வலை இல்லாததால் தூண்டிலில் கணவாய்க்குப் போவார்கள். இந்தப் பருவத்தில் கிட்டினால் இங்கேயே இருப்பான். கிட்டாவிட்டால் ஷார்ஜா.

பிறகு என்னிடம் வந்து, "என்ன இரை கொண்டு போகணும் அப்பா?" என்றான்.

அவன் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை. ஆனால் கேள்வி இரையைப் பற்றியது. வாய் தானாக, "வெள்ளம் எப்படி?" என்று கேட்டுவிட்டது. கலங்கல் தெளிந்து வருகிறது, வானம் பாதி மூட்டம், பக்கத்துப் பார் என்றான். தங்கத் தாளில் நாலும், கருத்ததில் நாலும், வெள்ளித் தாளில் இரண்டும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பாரில் அடியைத் தொட எத்தனை எண்ண வேண்டும் என்றும் சொன்னேன். சரியான இரைகள். அதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை.

முதல் நாள் ஒன்றும் கிட்டவில்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. அதே பாரில், கூப்பிடு தூரத்தில் நின்ற வள்ளங்களில் கணவாய் ஏறியது. அவர்களும் எங்கள் கடை இரைதான் வைத்திருந்தார்கள். ஸ்டெல்லா முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஆறுதல். ஆனால் தூக்கம் வரவில்லை. அதே பார், அதே தண்ணீர், அதே இரை. ஏன் இவனுக்கு மட்டும் இல்லை?

அவன் இரைப் பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். கழுத்துத் துணியில் ஒரு கடி இல்லை. ஊசியில் மை இல்லை. ஈயம் வாங்கியபோது இருந்ததுபோல மழமழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"அடியைத் தொடும்வரை எண்ணினியா?"

"எண்ணினேன் அப்பா. நீங்க சொன்ன எண்ணிக்கைக்கு இழுத்தேன்."

அந்த எண்ணுக்கு இரை அடியைத் தொட்டிருக்க வேண்டும். ஈயம் தொடவில்லை என்கிறது. அப்படியானால் இரை நான் நினைத்த வேகத்தில் விழவில்லை. ஏன் விழவில்லை?

கேனில் கடல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரில் இரை கொஞ்சம் வேகமாக விழும், கணக்குத் தப்பும். உயரமான பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி, முதலில் என்னிடமிருந்த அதே வகைப் புது இரையை விட்டேன். தலை தாழ்த்தி நிதானமாக இறங்கியது. பிறகு அவனுடையதை விட்டேன். உடம்பு முழுக்க வெள்ளியாகப் பளபளத்தது. கூர்ந்து பார்த்தால், துணி நனையவே இல்லை. நூலுக்கு நூல் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வாலைத் தூக்கித் தலைகீழாக நின்று, மனமில்லாமல் இறங்கியது. தண்ணீருக்கு மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம் விரிந்தது.

முகர்ந்து பார்த்தேன். எரிந்த திரியின் வாசம். கோவிலில் முழங்காலிட்டால் வருகிற வாசம்.

எங்கள் கடற்கரையில் குருசடி என்கிற சிறு சிலுவைக் கோவிலின் விளக்கில் எரிகிற எண்ணெயைச் சின்னக் குப்பியில் எடுத்து வருவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெஞ்சில் தடவுவார்கள், வள்ளத்தின் முகப்பில் தடவுவார்கள், வலையில் நாலு கண்ணியில் தொட்டு வைப்பார்கள். வலைக்கு எண்ணெய் ஒரு பொருட்டில்லை. வலை இல்லாத மகனுக்கு ஸ்டெல்லா எதில் தடவுவாள்? ஒவ்வொரு விடியலிலும் அவன் எழும்பும் முன்னே பெட்டியைத் திறந்து, பத்து இரைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஜெபம் சொல்லித் தடவியிருக்கிறாள். முப்பது வருடம் கடையில் எத்தனையோ இரைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று என்னிடம் வந்ததில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்தது கவலை இல்லை, கண்டுபிடித்த சந்தோஷம். ஆஜினைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

பிறகு மூடிக்கொண்டேன். சொன்னால் நாளை அவன் துடைத்துவிட்டுப் போவான். கணவாய் ஏறும். இங்கேயே இருப்பான். ஒவ்வொரு நாளும் அந்தத் துறைமுக வாய் வழியாகப் போய் வருவான். சொல்லாவிட்டால் மாதம் முடியும் முன்பு விமானம் ஏறுவான். நான் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சும்மா இருந்தால் போதும்.

அன்று சும்மா இருந்தேன். மறுநாளும் இருந்தேன்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் மூவரும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆஜின் சாதாரணமாகச் சொன்னான்: "பக்கத்துப் பாரிலே நமக்கு ராசி இல்ல. நாளைக்குத் தெற்கே பெரிய பாருக்குப் போறோம்."

ஸ்டெல்லா கறிக் கரண்டியைக் கீழே வைத்தாள். பெரிய பார் வெகு தூரம். அங்கே ஓட்டம் கூடுதல், ஒதுங்க இடமில்லை. போனும் கிடைக்காது.

"அங்க எதுக்குல? காத்து மாறுகுன்னு சொன்னாவ" என்றாள்.

"இங்க கிட்டல்லன்னா தூரத்துக்குத்தான் போகணும் அம்மா. ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். இல்லேன்னா மாமாட்ட சரின்னு சொல்லிருகேன்."

கிட்டாவிட்டால் கடலை விட்டுவிடுவான் என்று நான் போட்ட கணக்கு எவ்வளவு முட்டாள்தனம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிட்டாதவன் தூரம் போவான். கடையில் நின்று வருடக்கணக்காகப் பார்த்ததுதான் அது.

"பெரிய பாருக்குப் போக வேண்டாம்" என்றேன். "பாரிலே குற்றமில்ல. இரையிலே எண்ணெய் இருக்கு. துணி நனையல்ல. அதனாலே விழல்ல."

ஆஜின் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "எண்ணெயா?"

ஸ்டெல்லாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "குருசடி எண்ணெய்" என்றாள். "கணவா பிடிக்கதுக்கா நான் தடவினேன்? உன்னைத் திருப்பிக் கொண்டு வாறதுக்குத் தடவினேன்."

ஆஜின் என் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முந்தா நாளு."

"பிறகு எதுக்குச் சொல்லல்ல?"

"சொல்லாம இருந்தா நீ ஷார்ஜா போயிருவேன்னு."

அவன் கிழங்கில் ஒரு துண்டைப் பிய்த்தான், கறியில் தோய்த்தான், மெதுவாக மென்றான். "நல்லது" என்றான். "அம்மையும் அப்பனும் சேர்ந்து இந்தக் கரையிலே உள்ள கணவாயை எல்லாம் காப்பாத்திட்டிய."

ஸ்டெல்லாதான் முதலில் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. ஆவணியிலிருந்து அவள் அழுதது அன்றுதான்.

சாப்பாடு முடிந்ததும் அவளே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை வெதுவெதுப்பாகக் கலந்து எடுத்து வந்தாள். எண்ணெய் பட்ட இரையைக் கழுவ ஒரு முறை இருக்கிறது. இதைக் கடையை நடத்தும் மருமகன் கட்டாயம் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். சுடுதண்ணீர் ஆகாது, பசை விட்டுத் துணி கழன்றுவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்து, துணியின் நூல் போகிற போக்கிலேயே தலையிலிருந்து வாலுக்குத் தேய்க்க வேண்டும். எதிர்த் திசையில் தேய்த்தால் நூல் எழும்பிக் குமிழ் பிடிக்கும். மூன்று தண்ணீரில் அலசி, பிறகு டிரம்மில் விட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளிப் பளபளப்பு இருந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. அவள் தேய்த்தாள், நான் அலசினேன், ஆஜின் விட்டுப் பார்த்தான். ஒன்று மட்டும் எத்தனை முறை கழுவியும் நனைய மறுத்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றவை எல்லாம் தலை தாழ்த்தி ஒழுங்காக இறங்கின.

"அப்ப எண்ணெயை எங்கே தடவ?" என்று ஸ்டெல்லா கேட்டாள். அதை விடுவதாக அவள் ஒரு கணமும் நினைக்கவில்லை.

"வள்ளத்து முகப்பிலே தடவும்மா."

"அலை கழுவிட்டுப் போயிரும்."

"கையிலே மட்டும் வேண்டாம். இரையைத் தொடணும்" என்றேன் நான்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவன் பிடரியைத் தொட்டுக் காட்டினாள். "இங்க கை போகாதுல்லா?"

விடியலில் அவன் குனிந்து நின்றான். அவள் தடவினாள்.

அவன் பக்கத்துப் பாருக்கே போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பிலோமினா அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மகள் வீட்டில் இருக்கிறார், காது மந்தமாகிவிட்டது. முழுக்கக் கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா?" என்றார்.

"தெரியல்ல அக்கா."

"கேட்டுச் சொல்லு. அந்த நனையாத ஒண்ணை இனிமே கழுவாம எனக்குக் கொடுத்து விடு. நான் பாக்கணும்."

வெயில் ஏறிய பிறகு போன் அடித்தது. எழுந்து நின்றேன். ஆஜின்.

"அப்பா, பிடிக்குது."

பின்னால் சுனில் எதையோ கத்திச் சிரிக்கிற சத்தம். கணவாய் மையைப் பீய்ச்சியிருக்க வேண்டும். எந்த இரை என்றேன். தங்கத் தாள் என்றான். விழும்போதா, நின்ற பிறகா? விழும்போது. எந்த எண்ணிக்கையில்? வெள்ளம் எப்படி மாறியிருக்கிறது? ஓட்டம்? வானம்? அவன் பதில் சொல்லச் சொல்ல எனக்குக் கேள்வி தீரவில்லை. கடைசியில், "அப்பா, வைக்கட்டா? சுனிலுக்குக் கையிலே இன்னும் பலம் வரல்ல, நான்தான் ரெண்டு கயிறும் இழுக்கணும்" என்று வைத்துவிட்டான்.

ஸ்டெல்லா அடுக்களை வாசலில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"துறைமுக வாயிலே அலை எப்படி இருந்துச்சுன்னு கேட்டியளா?" என்றாள்.

கேட்கவில்லை. அது எனக்கு நினைவிலேயே வரவில்லை. ஆவணியிலிருந்து ஒரு நிமிடம்கூட மறக்காத ஒன்று.

திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ரெண்டு கையும் வேலையாக இருக்கும் என்றேன். அவள் தலையாட்டினாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை அடிங்க" என்றாள்.